டிஸ்பிளே மாத்துன கதை

அந்தப் பைய மேல வெக்காத கண்ணு. உள்ள கம்ப்யூட்டர்தானே? மடியில வெச்சுக்க. நான் இன்னும் கொஞ்சம் சன்னலோரம் ஒண்டிக்கறேன். மேல வெச்சீன்னா எவனாச்சும் வந்து அதும்மேல ஒரு மூட்டையத் தூக்கிப் போட்டுருவான். டிஸ்பிளேன்னா என்னமோ இரும்புத் தகடுன்னு நெனச்சுக்கறாங்க. அப்பளம் கண்ணு அது. வெறும் அப்பளம். கழட்டிப் பாத்தவ சொல்றேன்.

சிரிக்காத. நெசமாத்தான். நானே கழட்டி, நானே புதுசு மாட்டுனேன். அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் இப்பத் திரும்பி வர்றேன். மூலனூர்ல என்ற மருமகளோட அம்மா ஊடு. காலையில போனவ. அங்கிருந்து தாராபுரம், தாராபுரத்துல இருந்து இந்த பஸ்ஸு. இன்னும் ஊட்டுக்குப் போய் சோறாக்கோணும். ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்குது.

நீ எது வரைக்கும்? திருப்பூருக்கா? சரி. நான் கோயில்வழியில எறங்கிருவேன். என் பேரு வசந்தாமணி.

அது மருமக கம்ப்யூட்டரு. தாரணின்னு பேரு. பனியன்ல முன்னால படம் போட்டு வருதில்ல, புலி, பூவு, மண்டையோடு, என்னென்னமோ இங்கிலீசு எழுத்து, அதையெல்லாம் வரையறவ. கம்பெனிக்கெல்லாம் போறதில்ல. ஊட்டுல உக்காந்தே வரைஞ்சு அனுப்பிச்சுருவா. காலேஜுல படிக்கறப்பவே வாங்குனதாம். அவ வரைஞ்சது அத்தனையும் அதுக்குள்ளதான் இருக்குது. கல்யாணமாகி வந்தப்ப நகைப் பொட்டிய அவங்கம்மா தூக்கிட்டு வந்தாங்க. இதை மட்டும் அவ யார் கையிலயும் குடுக்கல.

அது கீழ விழுந்துருச்சு. விழுந்துச்சு, ஒடஞ்சுச்சு. ஊடுன்னா நடக்கறதுதானே. அன்னைக்கே அவ துணிமணிய எடுத்துக்கிட்டு மூலனூர் போயிட்டா. கம்ப்யூட்டரக் கட்டில் மேலயே வெச்சுட்டுப் போயிட்டா. ஒரு பொருள் ஒடஞ்சா யாராச்சும் அம்மா ஊட்டுக்குப் போவாங்களா கண்ணு? என்ற காலத்துல எத்தனை ஒடஞ்சிருக்குது. ரேடியோப் பொட்டி ஒடஞ்சுது, நிலைக்கண்ணாடி ஒடஞ்சுது, தட்டு டம்ளருக்குக் கணக்கே இல்ல. நான் கூட்டி அள்ளிப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாத்தேன்.

என்ற பையன் கிருபாகரன். சாயப்பட்டறையில சூப்பர்வைசர். நல்லவன் கண்ணு. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. எனக்கு முட்டி வலின்னா மாத்திரை வாங்காம ஊட்டுக்குள்ள வர மாட்டான். கோவம் மட்டும் கொஞ்சம் வரும். பசி தாங்க மாட்டான், அது சின்னதுல இருந்தே அப்படி.

அவ போனப்புறம் போன் போட்டுப் பாத்தான். எடுக்கல. அப்புறம் அவ பேரையே இந்த ஊட்டுல எடுக்கக் கூடாதுன்னுட்டான். "அந்தச் சனியனத் தூக்கிக் குப்பையில போடு"ன்னான், கம்ப்யூட்டரச் சொல்றான். நான் போட்டேனாக்கும். பீரோவுல சேலைக்கு அடியில வெச்சுட்டேன்.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, அவ போனது அது ஒடஞ்சதாலதானே? சரி பண்ணிக் குடுத்துட்டா வந்துருவா. அவ்வளவுதானே விசயம்? இதுக்குப் போயி சம்மந்தகாரங்களக் கூட்டி உக்கார வெச்சு, அவங்க ஒண்ணு சொல்ல, இவங்க ஒண்ணு சொல்ல, எதுக்கு?

மொதல்ல கடைக்குத்தான் கொண்டுபோனேன். கடைக்காரரு மூடியத் தொறந்தாரு. வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாரு. "எப்படிம்மா ஒடஞ்சுது?"ன்னாரு.

"கீழ விழுந்துருச்சுங்க."

"கீழ விழுந்தா மூலையில ஒடையும். இது நட்டநடுவுல ஒடஞ்சு சுத்தியும் ஓடியிருக்குது பாருங்க. இந்த எடத்துல குத்து விழுந்திருக்குது. யாரும்மா குத்துனது?"

கடையில நாலு பேரு நிக்கறாங்க கண்ணு. அத்தனை பேரும் என்ற மொகத்தையே பாக்கறாங்க. அவருக்கு எதுக்கு அது? சட்டை கிழிஞ்சா தைக்கறவன் எங்க கிழிஞ்சிருக்குதுன்னு பாப்பானா, யாரு கிழிச்சாங்கன்னு கேப்பானா? "குடுங்க, வேண்டாம்"னு புடுங்காத கொறையா வாங்கிட்டு வந்துட்டேன்.

குத்தெல்லாம் இல்ல கண்ணு. தட்டுனான். அவ்வளவுதான். அவன் சாப்புட வந்து உக்காந்திருக்கான். இவ கம்ப்யூட்டர்ல யாரோ ஆபீசுக்காரங்ககூடப் பேசிட்டிருக்கா. "வந்து போடு"ன்னான். ரெண்டு நிமிசம்னு கையக் காட்டுனா. "நான் போடறேன் சாமி"ன்னு தட்டெடுக்கப் போனேன். "அவ போடட்டும்"னான். மறுக்காக் கூப்புட்டான். அவ மறுக்காவும் கையத்தான் காட்டுனா. புருசனுக்குக் கையக் காட்டலாமா, நீயே சொல்லு. எந்திரிச்சுப் போனான். ஒரு தட்டு. அவனுக்குக் கை கொஞ்சம் கனம், அவங்கப்பாவாட்டம். ஆனா கம்ப்யூட்டர்லதானே தட்டுனான்? அவ மேல கை வெக்கலையே? அதை நெனச்சுப் பாக்கோணுமில்ல? அவ நெனச்சுப் பாக்கல.

சரி, அதை உடு. கடைக்குப் போனா கேள்வி கேக்கறாங்க. ஊட்டுலயே பண்ணிரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் மும்தாஜ்னு ஒரு புள்ளை குடியிருக்குது. நம்மூட்டுல பேசறதெல்லாம் அவளுக்குக் கேக்கும். ஆனா எதையும் கேட்டுக்க மாட்டா. அதனாலதான் அவகிட்டப் போனேன். "அக்கா, இதெல்லாம் வீடியோவுலயே காட்டறாங்கக்கா"ன்னு போன்ல ஒண்ணு எடுத்துக் குடுத்தா. பேசறவன் எந்த ஊர்க்காரனோ, ஒரு வார்த்தை வெளங்கல. மொகமே காட்டல, கை மட்டுந்தான். ஆனா அந்தக் கை என்ன பண்ணுதுன்னு எனக்கு வெளங்குச்சு. பாதி ஆயுசு பனியன் கம்பெனி செக்கிங்ல இருந்தவ நான். மலையாட்டம் துணி குமிஞ்சு கெடந்தாலும், பின்னல்ல ஒரு கண்ணி விட்டிருந்தா என்ற கண்ணு அங்க போய் நிக்கும்.

என்ற போன்ல பாக்க முடியாது. என்ற போன அவன் எடுத்துப் பாப்பான், யாருகூடப் பேசுனேன், என்ன பாத்தேன்னு. வயசானவளை எவனாச்சும் ஏமாத்திருவான்னு அக்கறை. அதனால மும்தாஜ் ஊட்டுல உக்காந்து, மும்தாஜ் போன்ல. அதும் அவன் சிப்ட்டுக்குப் போனதுக்கப்புறந்தான். திரும்பத் திரும்பப் பாத்தேன். அந்தக் கை எனக்குச் சொந்தக்காரன் கையாட்டம் ஆயிருச்சு.

மொதல்ல பேட்டரியக் கழட்டோணும். அதைக் கழட்டாம எதையும் தொடக் கூடாது. அப்புறம் டிஸ்பிளேவச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்குது. மூலைக்கு மூலை ரப்பர் பொட்டு வெச்சு ஸ்குரூவ மறைச்சிருக்கான். அதைக் குண்டூசியில நோண்டி எடுத்துட்டு, ஸ்குரூவக் கழட்டிட்டு, சட்டத்துச் சந்துல ஒரு தகட்டக் குடுத்து மெல்ல நெம்போணும். அந்த வீடியோக்காரன் என்னமோ ஒரு பிளாஸ்டிக் வில்லை வெச்சிருந்தான். நான் எங்க போறது? ரேசன் கார்டு இருந்துச்சு. அதுல நெம்புனேன். டிக்கு டிக்குனு ஒவ்வொரு கொக்கியா விட்டுக் குடுக்குது, எனக்கு ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சு டிக்கு டிக்குங்குது. ஒரு மூலையில அவசரப்பட்டுட்டேன். கீறல் விட்டுருச்சு.

கழட்டுன ஸ்குரூவெல்லாம் பொடிசு, எள்ளாட்டம். ஒண்ணோடொண்ணு கலந்துட்டா எது எங்கயோ. அதனால குழிப்பணியாரச் சட்டிய எடுத்து வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு எடத்து ஸ்குரூவுக்கும் ஒரு குழி. என்ற எடது கையில இந்த வெரலு மடங்காது பாத்தியா, அதை வெச்சுக்கிட்டு எள்ளப் புடிக்கறதுன்னா எப்படி இருக்கும்? கதவுல சிக்கிருச்சுன்னுதான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னோம். அவங்கப்பா போய்ச் சேந்தே எத்தனையோ வருசமாச்சு. வெரலு மட்டும் அப்படியே நிக்குது.

அப்படிக் கடை பரப்பி உக்காந்திருக்கறேன், வெளிய வண்டிச் சத்தம். கிருபாகரன்! பட்டறையில கரண்டு இல்லைன்னு பாதியில வந்துட்டான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கம்ப்யூட்டர் மேல துண்டப் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால தள்ளிட்டேன். பணியாரச் சட்டிய மட்டும் தள்ளறதுக்குள்ள உள்ளயே வந்துட்டான். "என்னம்மா, பணியாரமா?"ங்கறான்.

"ஆமா சாமி"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

"சரி, சுடு. பசிக்குது."

அவன் மொகம் கழுவப் போன நேரத்துல ஸ்குரூவ அப்படியே முந்தானையில கொட்டி முடிஞ்சுக்கிட்டு, சட்டியக் கழுவி, பிரிட்ஜுல இருந்த மாவ எடுத்து ஊத்திச் சுட்டேன். அவன் சாப்புட உக்காந்தப்பதான் நெனப்பு வருது, கொட்டுனப்ப ஒரு ஸ்குரூ கொறைஞ்சாப்பல இருந்துச்சே, சட்டியிலயே ஒட்டிக்கிட்டு மாவோட வெந்துருச்சோ? அவன் ஒவ்வொண்ணாக் கடிக்கறான் கண்ணு, எனக்கு ஒவ்வொரு கடிக்கும் உசுரு போய் உசுரு வருது. "என்னம்மா வாயையே பாக்கற?"ங்கறான். "நல்லாருக்குதா சாமி?"ன்னேன். நல்லாருக்குதுன்னான். அன்னைக்கு நெம்ப நல்லபடியாப் பேசுனான். அந்த ஸ்குரூ மறுநாளு மிக்ஸிக்குப் பின்னால கெடந்துச்சு.

நீ சிரி. இப்ப எனக்கும் சிரிப்புத்தான் வருது.

பழைய டிஸ்பிளேவ எடுக்கறதுக்கு, அதை முன்னால சாச்சு எழுத்துப் பலகை மேல கவுத்துப் போடோணும். பின்னால ஒரு நாடாவாட்டம் ஒயரு வந்து மாட்டியிருக்கும். அதும்மேல ஒட்டுன டேப்ப உரிச்சுட்டு, சின்னதா ஒரு கம்பி வளையம் இருக்குது, அதைத் தூக்கிவிட்டு உருவோணும். உருவிட்டேன். முன்பக்கத்துக் கண்ணாடி தூளாட்டம் கொட்டுச்சு. வெரல்ல ஏறிருச்சு. மும்தாஜ்தான் ஊசியில எடுத்துவிட்டா. டிஸ்பிளே முதுகுல ஒரு நம்பர் ஒட்டியிருக்குது. அதை வெச்சுத்தான் புதுசு வரவழைக்கோணும். அவளே போன்ல சொல்லி வரவழைச்சா.

வந்தது வேற. பாத்தா அச்சா அதேதான், ஆனா அந்த நாடா மாட்டற வாய் மட்டும் அகலம். சேரல. திருப்பி அனுப்பிச்சோம். மறுபடி வர்றதுக்குக் காத்துக் கெடந்தோம். அந்த நாளுல ஒரு நாள் கிருபாகரன் பீரோவத் தொறந்து என்னமோ தேடறான், நான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு சாமியெல்லாம் கும்புடறேன். சேலைக்கு மேலயே கைய விட்டுட்டு மூடிட்டான்.

ரெண்டாவது சரியா வந்துச்சு. மாட்டி, பேட்டரியப் போட்டு, பட்டன அமுத்துனேன். உள்ள காத்தாடி சுத்தற சத்தம் வருது, டிஸ்பிளே இருட்டு. மூடித் தொறந்தேன். இருட்டு. நான் அழுதுட்டேன் கண்ணு. அத்தனை பாடும் வீணான்னு. மும்தாஜ்தான் மறுபடி வீடியோவப் போட்டா. பாத்தா, அந்த நாடாவ நேரா வெச்சு, கடைசி வரைக்கும் தள்ளோணும். நான் கோணலா வெச்சிருந்தேன். மறுபடி அத்தனையும் கழட்டி, நேரா வெச்சு, உள்ள போய் உக்கார்ற வரைக்கும் ரெண்டு கட்டை வெரல்லயும் அமுத்துனேன்.

வந்துருச்சு. பளிச்சுன்னு. ஒரு கிளிப் படம். அவ வரைஞ்சதுதான். கழுத்துல செவப்புக் கோடு போட்டு, ஒரு கண்ணால நம்மளப் பாக்கறாப்பல. அதுக்கு மேல போகோணும்னா என்னமோ எழுத்துப் போடச் சொல்லுது, அது அவளுக்குத்தானே தெரியும். நானும் மும்தாஜும் அந்தக் கிளியவே பாத்துட்டு உக்காந்திருந்தோம். தானா அணையற வரைக்கும்.

அதைத்தான் இன்னைக்குக் கொண்டுபோனேன். குலதெய்வம் கோயிலுக்குப் போறேன்னு அவன்கிட்டச் சொல்லிட்டு.

சம்மந்தியம்மா "வாங்க"ன்னாங்க, மொகங்குடுக்கல. தாரணி உள்ள இருந்து வந்தா. அவ எளைச்சுக் கருத்துப் போயிருப்பான்னு நான் நெனச்சுக்கிட்டுப் போறேன். அவ பாட்டுக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சவளாட்டம் தெளிச்சியா இருக்கா. நம்மூட்டுல இருந்தப்ப அவளுக்கு அப்படி ஒரு மொகம் இருக்கறதே எனக்குத் தெரியாது. புருசன விட்டுட்டு இருக்கறவளுக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ.

கம்ப்யூட்டர எடுத்துக் குடுத்தேன். தொறந்தா. எழுத்தப் போட்டா. அவ படமெல்லாம் வரிசையா வருது. வாயப் பொத்திக்கிட்டு அழுகறா. "எந்தக் கடையிலங்கத்தை குடுத்தீங்க?"

"கடையில குடுக்கல. நாந்தான் மாத்துனேன்."

அவ நம்பல. மூலையில கீறல் விட்ட எடத்தக் காட்டுனேன். அப்புறம் என்ற கையப் புடிச்சுப் பாத்தா. "அவருக்குத் தெரியுமா?"ன்னா.

"தெரியாது."

"எப்படிங்கத்தை, அவரு இருக்கற ஊட்டுல?"

அவ சிரிக்கட்டும்னு அந்தப் பணியாரக் கதையச் சொன்னேன். சம்மந்தியம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தாரணி சிரிக்கல. "இவ்வளவு பயந்துக்கிட்டா மாட்டுனீங்க?"ன்னா.

பயமென்ன கண்ணு, பெத்த மகன்கிட்ட?

நான் அதைக் காதுல வாங்காம, "சரி, கெளம்பு அம்மணி. பொழுதோட போயிட்டம்னா அவன் வர்றதுக்குள்ள சோறாக்கிரலாம்"னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா?

"டிஸ்பிளே ஒடஞ்சதுனால நான் வரலைங்கத்தை."

"பின்ன?"

"அடுத்த தடவை அவரு கை டிஸ்பிளேல விழுகாதுங்கத்தை."

பேச்சப் பாத்தியா? நடந்ததுக்குக் கோவிச்சுக்கிட்டா சரி. நடக்காததுக்குமா ஒருத்தி ஊட்ட விட்டுப் போவா? இத்தனை கஷ்டப்பட்டுச் சரி பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தா, வாங்கி வெச்சுக்கிட்டு வர மாட்டேங்கறா. இதெல்லாம் நாயமா?

அது போதாதுன்னு, "நீங்களும் இங்கயே இருந்துக்குங்கத்தை. மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது"ங்கறா. சம்மந்தியம்மாளும், "இருங்க, உங்களுக்கு என்ன, நம்மூடுதான்"ங்கறாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. "நான் இங்க இருந்தா அவனுக்கு யாரு சோறு போடறது?"ன்னேன். தாரணி எந்திரிச்சுப் போயி எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தா.

உண்டுட்டுப் பாயில சித்தச் சாஞ்சேன். அசந்துட்டேன் கண்ணு. நான் பகல்ல தூங்கறவளே இல்ல. யாரும் எழுப்பல. வண்டிச் சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடக்காம, அடிச்சுப் போட்டாப்பல தூங்கியிருக்கறேன். முழிச்சுப் பாத்தா பக்கத்துல காப்பியப் போட்டு மூடி வெச்சிருக்குது. பொழுது எறங்கிருச்சு. பதறிப் போயிட்டேன். ஒரு வார்த்தை எழுப்பியிருக்கக் கூடாதா? அதுல தவறுன பஸ்ஸு, இப்ப இவ்வளவு நேரமாயிருச்சு.

இரு கண்ணு, போனு. அவந்தான்.

ஆ, சாமி... கோயில்லதான் கூட்டம் சாமி... இல்ல... இல்ல சாமி, வந்துட்டேதான் இருக்கறேன்... பஸ்ஸு கெடைக்கல... இல்ல சாமி... வந்த ஒடனே ஆக்கிப் போடறேன்... சரி... சரி சாமி...

வெச்சுட்டான். உனக்கும் கேட்டுருச்சா? அவன் கொரலே அப்படித்தான். பட்டறையில மெசினு சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகிருச்சு. பசி வேற.

அவினாசிபாளையம் தாண்டிருச்சில்ல? கண்ணு, ஒரு ஒதவி பண்றியா? உன்ற போன்ல ஒரு நம்பர் போட்டுக் குடு. தாரணிக்குத்தான். ஊட்டுக்குப் போய்ச் சேந்ததும் கூப்புட்டுச் சொல்லுங்கத்தைன்னு பஸ்ஸு ஏத்தி விடற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. சொல்லாட்டி அவ தூங்க மாட்டா. ஊட்டுக்குப் போயி எங்க பேசறது? என்ற போன்ல போட்டா அந்த நம்பரு அதுலயே நிக்கும். நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்றேன், போடு. கண்டக்டர் விசில் ஊதறதுக்குள்ள பேசிர்றேன்.

அடிக்குதா? குடு.

அம்மணி, நாந்தான். இது பக்கத்தூட்டுப் புள்ளை போனு... ஆமா, வந்து சேந்துட்டேன். இப்பத்தான்... ஊட்டுலதான் இருக்கறேன்... அவன் குளிக்கப் போயிருக்கறான். ஒண்ணும் சொல்லல. என்ன சொல்லப் போறான்? ஏம்மா இவ்வளவு நேரம்னான், கூட்டம்னேன், சரின்னுட்டான்... இல்ல, நல்லாத்தான் பேசறேன். அலைச்சல், வேற ஒண்ணுமில்ல... நீ படம் வரைஞ்சியா?... வரை, வரை. மூடறப்ப மட்டும் அந்த மூலையப் பாத்து மெல்ல மூடு...

சத்தமா? டிவி ஓடுது அம்மணி.

விசிலா? குக்கருதான். சோறு வெச்சிருக்கறேன்.